ஓப்பன்ஃபோமில் கொதிக்கும் நீர்: 5 வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் அரிசி ஆலைகளுக்கு உமி பாய்லர் செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் எனக்கு வரைபட வேலை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் பஸ். பாய்லர் குழாய்ச் சுவர் எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் பார்க்க ஒரு மென்பொருள் வேண்டியிருந்தது. லைசென்ஸுக்குப் பணம் கேட்காது என்ற ஒரே காரணத்தால், நீர், காற்று ஓட்டத்தையும் வெப்பத்தையும் கணக்கிடும் ஓப்பன்ஃபோமில் இறங்கினேன். நிறுவுவது, உபுண்டு தொல்லை எல்லாம் பலர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது அதிலுள்ள சுவர்க் கொதிப்பு மாடலைப் பற்றி மட்டும்: சூடான குழாய்ச் சுவரில் நீர் எப்படிக் கொதிக்கிறது என்று கணக்கிடுவது அது.

மாடலின் அடிப்படை 1990-இல் குருல், பொடோவ்ஸ்கி இருவரும் கொடுத்தது. சுவர் தரும் வெப்பத்தை அது மூன்று பங்காக்குகிறது. குமிழி இல்லாத இடத்தில் நீர் நேரடியாக வாங்கிக்கொள்வது ஒரு பங்கு. குமிழி கழன்றதும் அந்தக் காலி இடத்துக்குப் பாயும் குளிர்ந்த நீர் வாங்குவது இன்னொன்று. மிச்சம் ஆவியாக மாறுவதற்கு. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. முதல் வருடம் முழுக்க நான் அதில் மயங்கிக் கிடந்தேன். எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்கும் 1967-ஆம் ஆண்டு பார்த்தலோமி சோதனையை (15.4 மில்லிமீட்டர் குழாய், 2 மீட்டர் நீளம், 45 பார் அழுத்தம்) போட்டு ஓட்டினேன். சுவர் வெப்பநிலை கிட்டத்தட்ட அப்படியே வந்து உட்கார்ந்தது. விடையைப் படமாக்கும் பாராவியூ மென்பொருளில் வந்த படத்தைப் பட்டறையில் எல்லோருக்கும் காட்டினேன்.

எங்கள் வெல்டர் சேட்டன் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "சாரே, குமிளயுடெ வலிப்பம் ஆரா பறஞ்ஞு தந்நே?" குமிழி இவ்வளவு பெரியது என்று உனக்கு யார் சொன்னது? கணினி சொன்னது என்றேன். வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தால், சொன்னது நான்தான்.

குமிழி கழலும்போது அதன் விட்டம் என்ன என்பதற்கு டொலுபின்ஸ்கி, கோஸ்டன்சுக் 1970-இல் தந்த சூத்திரத்தைப் போட்டிருந்தேன். நீர் கொதிநிலையைத் தொட்டிருந்தால் 0.6 மில்லிமீட்டர், அதற்கு 58 டிகிரி கீழே இருந்தால் சுமார் 0.17. அவ்வளவுதான். அந்தச் சூத்திரத்தில் அழுத்தம் கிடையாது, ஓட்டத்தின் வேகம் கிடையாது, குழாய் வழுவழுப்பா சொரசொரப்பா என்பதும் கிடையாது. அம்மா உலை வைக்கும் பானையின் அடியில் மில்லிமீட்டர் கணக்கில் பெரிய குமிழிகளைப் பார்த்தவனுக்கு இது இடிக்க வேண்டாமா? எனக்கு இடிக்கவில்லை. விடைதான் சரியாக வந்துவிட்டதே!

ஏன் சரியாக வந்தது என்று புரிய இரண்டு வருடம் ஆனது. ஆவியின் பங்கு விட்டத்தின் மூன்றாம் அடுக்கோடு ஏறும். குமிழி நொடிக்கு எத்தனை முறை கழலும் என்று சொல்லும் கோல் சூத்திரப்படி பெரிய குமிழி மெதுவாகக் கழலும் என்பதால் அடுக்கு 3 இல்லாமல் 2.5 ஆகிறது. விட்டத்தை 20 சதவீதம் கூட்டினால் ஆவி 58 சதவீதம் கூடும். ஆனால் குமிழி பிறக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை, சுவர் கொதிநிலைக்கு மேல் எத்தனை டிகிரி இருக்கிறதோ அதன் 1.805 அடுக்கில் ஏறுகிறது. அதனால் சுவர் கொஞ்சம் இறங்கினாலே கணக்கு சமனாகிவிடும். 10 டிகிரி மிகைச்சூடு (கொதிநிலைக்கு மேலிருக்கும் அந்தச் சூடு) 8-க்கு அருகே வரும், அவ்வளவே. 10 பாரில் நீர் 180 டிகிரியில் கொதிக்கும்போது 2 டிகிரியை யார் கவனிப்பார்கள்? குமிழியைப் பற்றி நான் தப்பாகச் சொன்னாலும் சுவர் அதை மூடி மறைத்துவிடுகிறது. மாட்டிக்கொள்வது குழாய்க்குள் எங்கே எவ்வளவு ஆவி இருக்கிறது என்ற கணக்கு.

அப்புறம் மெஷ், அதாவது கணக்குக்காகக் குழாயின் உள்ளே சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிப்பது. சுவரருகே நெருக்கினால் துல்லியம் கூடும் என்பது மற்ற கணக்குகளில் பழகிய பாடம். இங்கே முதல் கட்டம் குமிழியை விடச் சிறியதானதும், அது முழுக்க ஆவியாகி ரன் நடு இரவில் செத்துவிடும். இதில் போன இரவுகளுக்குக் கணக்கில்லை. சரி, ஒற்றைக் குமிழியையே அதன் எல்லையோடு தொடர்ந்து பார்ப்போம் என்று வேறு சால்வரிலும் (கணக்குப் போடும் நிரல்) முயன்றேன். குமிழிக்கு அடியில் சில மைக்ரோமீட்டர் தடிமனில் ஒரு நீர்ப்படலம் இருக்கும். அதைப் பிடிக்க என் லேப்டாப் போதாது. விட்டுவிட்டேன்.

மாடலைக் கைவிடவில்லை. இப்போது எந்தக் குழாயானாலும் மூன்று ரன்: சூத்திரம் தரும் விட்டம், அதில் பாதி, அதில் இரட்டிப்பு. மூன்று விடையையும் வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கொடுக்கிறேன். சேட்டன் நடுவில் இருப்பதைக் கண்டுகொள்வதே இல்லை. அதிக ஆவி காட்டும் விடையை மட்டும் படித்துவிட்டுக் குழாய் எடுக்கப் போகிறார்.