லியோன் பூஷோன்கள்: குடல் வறுவலும் ஒரு போத்தல் போஜொலேயும்

பிரான்சின் வட்டார உணவை அறிந்துகொள்ள ஒரே ஓர் ஊருக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் லியோனுக்குப் போகலாம். அங்கே போன பிறகு மிஷெலின் வழிகாட்டி நூலின் நட்சத்திரம் வாங்கிய உணவகங்களைத் தேடிக்கொண்டிராமல், பூஷோன் என்று அழைக்கப்படும் சிறு உணவகம் ஒன்றில் மதிய வேளையில் உட்கார வேண்டும் என்பது என் பரிந்துரை. இந்த மதிப்புரை எந்த ஒரு கடையைப் பற்றியதும் அன்று. பூஷோன் என்னும் உணவக வகை பசியோடு வரும் வெளியூர்க்காரருக்கு என்ன தருகிறது, எதில் ஏமாற்றுகிறது என்பதைப் பற்றியது.

ரோன், சோன் என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் இருக்கும் லியோன் பட்டு நெசவால் வளர்ந்த நகரம். க்ருவா-ரூஸ் குன்றின் மேல் இருக்கும் பழைய வீடுகளின் கூரை அவ்வளவு உயரமாக இருப்பதற்குக் காரணம், ஜக்கார் தறியின் உயரம் ஏறத்தாழ 4 மீட்டர் என்பதே. அங்கே நெய்தவர்களைக் கனு என்பார்கள். 1831இலும் 1834இலும் கூலிக்காகக் கிளர்ந்தெழுந்தவர்களும் இவர்கள்தாம். விடியலுக்கு முன்பே தறியில் உட்கார்ந்துவிடும் இவர்களுக்குக் காலை ஒன்பது மணிவாக்கில் வயிறு நிறைய உப்பும் கொழுப்பும் உள்ள சாப்பாடு வேண்டியிருந்தது. பணக்கார வீடுகளுக்கு நல்ல இறைச்சி போன பிறகு மிஞ்சிய குடல், இரைப்பை, ஈரல், பன்றித்தலை ஆகியவற்றைக் கொண்டு அமைந்ததே மாஷோன் எனப்படும் அந்தக் காலைச் சாப்பாடு. இன்றைய பூஷோன் உணவுப் பட்டியலின் அடித்தளம் அதுதான். ஆகவே ஒரு பூஷோன் எப்படிப்பட்டது என்பதை அதன் குடல் பதார்த்தங்களை வைத்துத்தான் எடை போட வேண்டும். அவை பட்டியலில் இல்லாத கடையில் உட்காராமல் எழுந்து வருவதே நல்லது.

நான் பெரிதும் விரும்பிச் சாப்பிட்டது தாப்லியே த சாப்பர். மாட்டின் இரைப்பையில் தேன்கூட்டுக் கண்ணறைகளாக இருக்கும் பகுதியை முதலில் வேகவைத்து, வெள்ளை ஒயினும் கடுகு விழுதும் சேர்த்து ஊறவைத்து, முட்டையில் தோய்த்து ரொட்டித்தூளில் புரட்டிச் சட்டியில் பொரிக்கிறார்கள். தட்டில் வரும்போது உள்ளங்கையை விடப் பெரிய, பொன்னிறமான ஒரு தட்டைத் துண்டாக இருக்கும். கத்தி இறங்கும்போது மேலோடு நொறுங்கும் ஓசை கேட்கும். உள்ளே அந்தக் கண்ணறைகள் குழையாமல், ஆனால் பல்லுக்கு எதிர்ப்பும் காட்டாமல் இருக்க வேண்டும். இந்த நிலை முழுக்க முழுக்க முன்வேக்காட்டைப் பொறுத்தது: அவசரப்பட்டால் ரப்பராகிவிடும், அளவு மீறினால் பொரிக்கும்போது பிரிந்துவிடும். தொட்டுக்கொள்ளத் தரும் கிரிபிஷ் என்னும் குழம்பில் அவித்த முட்டை, கடுகு விழுது, எண்ணெய், வினிகர், உப்பிலிட்ட சிறு வெள்ளரி, கேப்பர் மொட்டு எல்லாம் உண்டு. அதன் புளிப்பு இல்லாவிட்டால் பாதித் துண்டிலேயே திகட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் குடல் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இதைக் கண்டு தயங்க வேண்டியதே இல்லை. பக்கத்து மேசையில் இருந்த வெளிநாட்டுப் பயணிகள் என்னவென்று கேட்டறிந்து முகம் சுளித்ததைப் பார்த்தபோது, இந்த விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு தலைமுறை முன்னனுபவம் இருக்கிறது என்று தோன்றியது.

அந்தூயெத் என்னும் குடல் தொத்திறைச்சியைப் பற்றி அதே உறுதியோடு சொல்ல முடியவில்லை. லியோன் முறையில் கன்றுக்குட்டியின் குடல்சவ்வைக் கொண்டு செய்து, கடுகுக் குழம்போடு தருகிறார்கள். பன்றிக்குடலால் செய்யப்படும் மற்ற வட்டாரத்து வகைகளைக் காட்டிலும் இதன் வாடை குறைவு என்கிறார்கள். குறைவானதே எனக்குப் போதுமானதாக இருந்தது. சுவை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மூக்கு முதலில் சம்மதிக்க வேண்டும்.

லியோன் என்றவுடன் வழிகாட்டி நூல்கள் முன்னிறுத்துவது கெனெல். பைக் என்னும் நன்னீர் மீனின் சதையில் கவைத்த நுண்முட்கள் மிகுதி என்பதால், அதை அரைத்துச் சல்லடையில் தேய்த்து, மாவு, வெண்ணெய், பால், முட்டை ஆகியவற்றைச் சேர்த்து நீள் உருண்டையாக்கி வெந்நீரில் வேகவைத்து, பிறகு ஆற்றுச் சிங்கி இறாலின் வெண்ணெய் சேர்த்த நான்துவா குழம்பில் மூழ்கடித்து அடுப்பில் வைக்கிறார்கள். முறையாகச் செய்த கெனெல் அடுப்பில் உப்பிக் கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி நிற்கும், கரண்டி பட்டவுடன் மெல்லத் தளரும். ஆனால் பழைய லியோன் பகுதியில் பயணிகள் நெரியும் ஒரு கடையில் எனக்கு வந்தது ஓரத்தில் கொதித்துக்கொண்டும் நடுவில் சில்லென்றும் இருந்தது, உப்பவே இல்லை. எங்கோ செய்து வாங்கிவைத்ததை மைக்ரோவேவில் சூடாக்கியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கேட்டதற்கு, எங்கள் ஊரில் இப்படித்தான் என்று பணியாளர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேறொரு கடையில் ஆர்டர் எடுக்கும்போதே இருபது நிமிடம் ஆகும் என்று எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கையைத்தான் தரச்சான்றாகக் கொள்ள வேண்டும்.

தரச்சான்று என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறது. லியோனின் வணிகத் தொழிற்சபையும் சுற்றுலா அலுவலகமும் சேர்ந்து 2012இல் லே பூஷோன் லியொனே என்னும் முத்திரையை உருவாக்கின. வாசலில் அந்தப் பலகை இருக்கும் கடைகள் இருபதை ஒட்டிய எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. பெயர்ப்பலகையில் பூஷோன் என்று எழுதிக்கொள்ள யாருக்கும் தடையில்லை என்பதால் ரூ சேன்-ஜான், ரூ மெர்சியேர் போன்ற தெருக்களில் அந்தச் சொல் வரிசையாகத் தொங்குவதைப் பார்க்கலாம். முத்திரை இல்லாத நல்ல கடைகளும் உண்டு. ஆனால் ஊருக்குப் புதியவருக்குப் பலகையைப் பார்த்து நுழைவது பாதுகாப்பான வழி.

முதல் பதார்த்தமாகப் பெரும்பாலானவர்கள் லியோன் சாலடைக் கேட்கிறார்கள்: கசப்பான சுருள் கீரை, வறுத்த பன்றிக் கொழுப்பிறைச்சித் துண்டுகள், ரொட்டித் துண்டுகள், ஓடு நீக்கி வெந்நீரில் வேகவைத்த ஒரு முட்டை. மஞ்சள் கரு உடைந்து வினிகரோடு கலந்த பிறகே சாப்பிடத் தொடங்க வேண்டும். இதைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் அளவு பெரிது. இதற்குப் பிறகு தாப்லியே வருகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

எனக்கு வியப்பளித்தது செர்வெல் த கனு. பெயரில் மூளை இருந்தாலும் கிண்ணத்தில் மூளை எதுவும் இல்லை. புதுப் பாலாடைக்கட்டியை அடித்து அதில் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, சைவ்ஸ் என்னும் வெங்காயத்தாள் வகைக் கீரை, உப்பு, மிளகு, வினிகர், ஆலிவ் எண்ணெய் சேர்த்துக் குளிரவைத்தது. நெசவாளர்கள் இறைச்சிக்குப் பதிலாக ரொட்டியோடு சாப்பிட்டது என்று சொல்லப்படுகிறது. பட்டியலிலேயே மலிவானவற்றில் ஒன்று. கொழுப்பு மிகுந்த தட்டுக்குப் பின் நாவைத் துடைத்துச் சுத்தமாக்கிவிடுகிறது. சைவர்களுக்குப் பூஷோனில் நம்பிக்கையோடு கிடைப்பதும் ஏறத்தாழ இது ஒன்றுதான். மீனில்லாத ரவைக் கெனெல் சில இடங்களில் உண்டு என்றாலும் குழம்பில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மாடு, பன்றி இரண்டையும் தவிர்ப்பவர்கள் கோழியீரல் பதார்த்தத்தையோ கெனெலையோ நாடலாம். மற்றபடி இந்த உணவகங்கள் அவர்களுக்கு ஏற்றவை அல்ல என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

குடிப்பதற்கு, தொடக்கத்தில் கம்யூனார் என்னும் பானத்தைத் தருவார்கள்: சிவப்பு ஒயினில் பிளாக்கரன்ட் என்னும் சிறு கரும்பழமான காசிஸின் இனிப்பு மது. கூடவே க்ராத்தோன் எனப்படும் மொறுமொறுப்பான பன்றிக் கொழுப்புப் பொரியல். பிறகு வருவது போ. 46 சென்டிலிட்டர் கொள்ளும், அடிக்கண்ணாடி கனத்த, முத்திரைச் சீட்டு எதுவும் ஒட்டாத போத்தல் அது. பீப்பாயிலிருந்தோ பெரிய கலனிலிருந்தோ நிரப்பித் தருகிறார்கள். ஊருக்கு வடக்கே தொடங்கும் போஜொலே பகுதியின் கமே திராட்சை ஒயினைத்தான் நான் எப்போதும் கேட்டேன். துவர்ப்பு குறைவு, புளிப்பு உண்டு, சற்றே குளிர வைத்துத் தருகிறார்கள். குடல் பதார்த்தத்தின் கொழுப்பை வெட்ட அந்தப் புளிப்புதான் வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு போ போதும். நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை வெளிவரும் புது போஜொலேவை மட்டும் அறிந்து இந்த ஒயினை லேசானது என்று ஒதுக்குபவர்கள், அதே போஜொலேயின் ஓர் ஊர்ப்பெயர் ஒயினான மோர்கோனைக் குறிப்பிட்டுக் கேட்டுப் பார்க்கலாம். விலை கூடும், கனமும் கூடும். மது அருந்தாதவர்கள் கராஃப் தோ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும். ரொட்டிக்கும் தனிக் கட்டணம் கிடையாது.

இனிப்பில் பிரலின் தார்த்தைத் தவிர்க்க முடியாது. சர்க்கரைப் பூச்சிட்ட பாதாம் பருப்பைப் பாலேட்டில் உருக்கிக் காய்ச்சி மாவுத்தட்டில் ஊற்றியது. நிறம் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு. இனிப்பு எனக்கு மிகை. ஒரு துண்டை இரண்டு பேர் பகிரலாம். நான் அதைவிட சேன்-மார்செலன் பாலாடைக்கட்டியை விரும்புவேன்; நன்கு முதிர்ந்தது சிறு மண்கிண்ணத்தில் வரும், கரண்டியால்தான் எடுக்க வேண்டும்.

சேவையைப் பொறுத்தவரை, மேசைகள் முழங்கை இடிக்கும் நெருக்கத்தில் இருக்கும், சத்தம் அதிகம், பணியாளர்கள் கேலி பேசுவார்கள், ஆனால் தட்டை அவசரமாக எடுத்துவிட மாட்டார்கள். முதல் பதார்த்தம், முக்கியப் பதார்த்தம், இனிப்பு மூன்றும் சேர்ந்த சாப்பாடு 30 யூரோவை ஒட்டி வரும். சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம், டிப்ஸ் கட்டாயமில்லை. இந்த விலைக்கு இந்த அளவும் இந்த உழைப்பும் நியாயமானவை என்பதே என் கணிப்பு. இதே நகரில் 1921இல் கடை தொடங்கி, 1933இல் இரண்டு உணவகங்களுக்கும் தலா மூன்று நட்சத்திரம் பெற்ற சமையற்கலைஞர் எழேனி பிராசியே, அவரிடம் பயின்ற சமையற்கலைஞர் பால் பொக்யூஸ் ஆகியோரின் வழியில் நடக்கும் பெரிய உணவகங்களுக்கு இதன் பல மடங்கு எடுத்துவைக்க வேண்டும்.

பொக்யூஸின் பெயர் 2006இல் சூட்டப்பட்ட ஆல் சந்தை பார்-தியே ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. தொத்திறைச்சி, பாலாடைக்கட்டி, கெனெல் எல்லாவற்றையும் கண்ணாடிக்குப் பின்னால் அழகாக அடுக்கியிருக்கிறார்கள். பார்க்கலாம், சேன்-மார்செலன் வாங்கலாம். உட்கார்ந்து சாப்பிடுவதற்குப் பூஷோனே மேல்.

பல பூஷோன்களுக்கு ஞாயிறும் திங்களும் விடுமுறை. மதியம் பன்னிரண்டுக்குத் திறந்து இரண்டு மணிவாக்கில் சமையலறையை மூடிவிடுவார்கள், பிறகு இரவு ஏழுக்கு மேல்தான். முன்பதிவு செய்யும்போதே தாப்லியே அன்றைக்கு உண்டா என்று கேட்டுவிடுங்கள். முன்வேக்காடு நேரம் பிடிப்பதால் சில கடைகளில் தினமும் செய்வதில்லை.