இரண்டு லாட்ஜ்கள், இரண்டு இணையதளங்கள்

வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் தங்குகிறவர்களில் பலர் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் குடும்பத்தினர். காட்பாடி வரும் ரயிலிலேயே கைப்பேசியில் அறை தேடுகிறவர்கள். அவர்கள் இடத்தில் என்னை வைத்துக்கொண்டு இரண்டு லாட்ஜ்களின் இணையதளங்களைத் திறந்தேன்.

முதலாவது பார்க்க ஜோர். கோட்டை அகழி திரை முழுக்க விரிகிறது. விரியும்வரை வெறும் வெள்ளைதான். பக்கத்தின் பெரிய படம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வகுத்த அளவு. நான் பதினொன்று வரை எண்ணினேன். வாடகை எங்கேயும் இல்லை. தொலைபேசி எண் படத்துக்குள் பொறித்தது. தொட்டால் அழைப்பு போகாது. தாளில் குறித்துக்கொண்டுதான் அழைத்தேன்.

இரண்டாவது, போன வருட நாட்காட்டி போலச் சோபையற்று இருக்கிறது. ஆனால் முதல் வரியிலேயே வாடகை, லிஃப்ட் உண்டு, அறையில் சமைக்கலாம் என்ற விவரம்; அதுவே வங்காள மொழியிலும் இந்தியிலும். மாதக்கணக்கில் தங்கி மீன்குழம்பு வைக்க நினைப்பவருக்கு வேறென்ன வேண்டும்? எண்ணைத் தொட்டதும் மணி அடித்தது. குறை ஒன்றுதான். அறைப் படங்கள் ஒரே இருட்டு, கழிப்பறைப் படமே இல்லை. மூட்டு அறுவை முடித்தவருக்கு அதுதான் முதல் கேள்வி.

என் ஓட்டு இரண்டாவதற்கே. முதலாமவர் தளத்தை இடித்துக் கட்ட வேண்டியதில்லை. படத்தைச் சுருக்கி, எண்ணை எழுத்தாக்கி, வாடகையைப் போடுவது ஒரு மதியத்து வேலை. இரண்டாமவர் ஜன்னலைத் திறந்துவைத்துப் படம் எடுக்கட்டும், கழிப்பறையையும் சேர்த்து.