வயதான காலத்தில் கப்பலேறியவரைத் தேட ஃபேமிலிசர்ச் உதவுமா?

உதவும். முன்னோர்களைப் பற்றிய பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்கிற, காசு வாங்காத தளம், ஐந்துக்கு நாலு தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் எதை எங்கே தேடுகிறோம் என்று தெரியாமல் பெயரை அடித்துவிட்டு உட்கார்ந்தால் ஒரு மண்ணும் கிடைக்காது. அதிலும் ஐம்பதைத் தாண்டி, பேரன் பேத்தி எடுத்த பிறகு கடல் கடந்து போனவரைத் தேடுகிறீர்கள் என்றால், எல்லாரும் சொல்கிற வழி உங்களுக்குச் சுத்தமாக ஒத்துவராது.

நாங்கள் தேடியது என் தாத்தாவின் தாத்தாவை. ஊர் குடியாத்தம் பக்கம், அப்போது வட ஆற்காடு ஜில்லா. அவருடைய இளைய மகன், அதாவது என் தாத்தாவுக்குச் சித்தப்பா முறை, ஒப்பந்தக் கூலியாக, இன்றைய தென் ஆப்பிரிக்காவில் இருக்கும் நேட்டாலுக்குப் போய், ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பாமல் டர்பன் பக்கத்திலேயே காய்கறி பயிரிட்டு நிலைத்துவிட்டார். மனைவி இறந்த பிறகு பெரியவர் நிலத்தைப் பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டு, தன் பங்கை விற்ற பணத்தோடு அந்த மகனிடம் போய்ச் சேர்ந்தார். மூத்த மருமகளோடு ஒத்துப்போகவில்லை என்பது அத்தைகள் சொல்லும் காரணம். அந்த மருமகள் வழியில் வந்தவர்கள்தான் நாங்கள் என்பதால் எங்கள் வீட்டில் அதை அவ்வளவாக அழுத்திச் சொல்வதில்லை.

முதலில் போனது ஒரு கட்டணச் சேவையிடம். பெயர் வேண்டாம். பணத்தை முழுசாக வாங்கிக்கொண்டு, அழகான பிடிஎஃப் ஒன்றை அனுப்பினார்கள்; அதில் அதே பெயர், அதே ஜில்லா, கப்பல் பெயர்கூட இருந்தது. வயது என்ற இடத்தில் 24! பேரன் பேத்தி கண்ட ஆளுக்கு எப்படி ஐயா 24 வயது என்று கேட்டால், 'அந்தக் காலத்தில் வயதைத் தப்பாகத்தான் எழுதுவார்கள்' என்று பதில். ஒன்று இரண்டு தப்பலாம், முப்பது வருஷமா தப்பும்?

ஏன் இப்படி நடக்கிறது என்றால், நேட்டால் என்றதுமே எல்லாரும் பாய்வது ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியலுக்குத்தான். அது உண்மையிலேயே பொக்கிஷம், மறுக்கவில்லை. சென்னையிலிருந்து 342 பேரோடு கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை சேர்ந்த 'ட்ரூரோ' முதல் 1911 வரை 1,52,184 பேர் அப்படிப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் கரும்புத் தோட்டத் துரைகளுக்கு வேண்டியது உழைக்கிற உடம்பு. தன் காசில் டிக்கெட் எடுத்து மகனைத் தேடிப் போன பெரியவர் வெறும் பயணி, அவருக்கு அந்தப் பட்டியலில் இடமே கிடையாது. அந்தப் பட்டியலில் தேட வேண்டியது மகனை. மகனுடைய வரியில் அப்பா பெயரும் கிராமமும் சேர்ந்தே இருக்கும், அப்புறம் யாரைத் தேடுகிறோம் என்பதில் குழப்பம் வராது. எங்கள் சித்தப்பாத் தாத்தாவின் வரியைப் பார்த்த நிமிடமே அந்த 24 வயதுக்காரர் வேறு ஆள் என்று தெளிவாகிவிட்டது, அப்பா பெயரே வேறு.

சரி, பெரியவருக்கு என்ன வழி? அவர் போன கதையை விட்டுவிட்டு, செத்த கதையைத் தேட வேண்டும். இங்கேதான் ஃபேமிலிசர்ச் தன் மதிப்பைக் காட்டுகிறது. நேட்டாலின் தலைநகரான பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் எஸ்டேட் ஃபைல்கள், 1846 முதல் 1950 வரை, என்று ஒரு தொகுப்பு அதில் இருக்கிறது. நேட்டாலில் சொத்து விட்டுச் செத்தவர்களின் கணக்கு உச்ச நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகத்துக்குப் போகும், அந்தக் கட்டுதான் இது. கையில் ஒன்றுமில்லாமல் கப்பலேறி இளவயதிலேயே செத்தவருக்குப் பெரும்பாலும் ஃபைலே இருக்காது. ஊரில் நிலத்தை விற்றுப் பணத்தோடு போன கிழவருக்கு இருக்க வாய்ப்பு அதிகம். வயது நமக்குச் சாதகமாக வேலை செய்வது இந்த ஓர் இடத்தில்தான்.

நேராகத் தேடல் பெட்டியில் போகாதீர்கள். தென் ஆப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு நார்ஸ் (NAAIRS) என்று ஓர் இலவச இணைய அட்டவணை உண்டு. அதில் என்.ஏ.பி. (NAB, பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகம்), எம்.எஸ்.சி.இ. (MSCE, எஸ்டேட் ஃபைல்) என்ற குறிகளோடு பெயரைப் பிடித்தால் ஃபைல் எண்ணும் வருடமும் வந்துவிடும். ஆவணத்தின் படம் அதில் இருக்காது. எண்ணைக் குறித்துக்கொண்டு ஃபேமிலிசர்ச் போய் அந்த ஃபைல் இருக்கும் மைக்ரோஃபிலிம் சுருளின் படங்களைத் திறந்து உருட்ட வேண்டியதுதான். பெயரை எழுதியவர் வெள்ளைக்கார குமாஸ்தா என்பதை மறக்காதீர்கள். குப்புசாமி கூப்பூசாமி ஆகியிருப்பார், முனுசாமி மூன்சாமி, கவுண்டர் கோவெண்டர். சந்தேகமான எழுத்துக்குக் கேள்விக்குறி, மிச்சத்துக்கு நட்சத்திரக் குறி போட்டுத் தேடலாம், இரண்டையும் தளம் ஏற்றுக்கொள்ளும்.

எங்களுக்குக் கிடைத்தது மரண அறிவிப்புப் படிவம், ஒரே தாள். பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர், வயது, தொழில், மனைவி இருக்கிறாரா, பிள்ளைகள் யார் யார், சொத்து உண்டா என்று அச்சடித்த கேள்விகள், பக்கத்தில் சாய்ந்த கையெழுத்தில் பதில்கள். வயது 'சுமார் 70'. பிறந்த இடத்தில் வாயில் நுழையாத ஒரு ஸ்பெல்லிங். உரக்கப் படித்தால்தான் குடியாத்தம் என்று புரிகிறது. பிள்ளைகள் பத்தியில் இரண்டு மகன் பெயரும் இருந்தது, மூத்தவருக்கு எதிரே 'இந்தியாவில்'. கீழே தகவல் கொடுத்தவராகச் சித்தப்பாத் தாத்தா தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், கொம்பும் காலும் தெளிவாக. சொத்து, மகனோடு கூட்டாக வாங்கிய கொஞ்சம் நிலமும் ஒரு வண்டியும். எங்கள் வீட்டில் இந்தத் தாளை வைத்துக்கொண்டு, விற்ற பணம் இவ்வளவுதானா, மிச்சம் எங்கே என்று ஒரு விசாரணையே நடந்தது.

இனி குறைகள். எல்லாப் படமும் வீட்டிலிருந்து திறக்காது. சாவிக் குறி போட்ட கேமரா சின்னம் வந்தால், அந்தச் சுருளை அவர்களுடைய மையத்திலோ இணைப்பு நூலகத்திலோ போய்த்தான் பார்க்க முடியும். பதிவுகளைக் கொடுத்தவர்களோடு போட்ட ஒப்பந்தம் அப்படி. நிறைய சுருள்களுக்குப் பெயர் அட்டவணை கிடையாது, பக்கம் பக்கமாக உருட்டப் பொறுமை வேண்டும், செல்போனில் இந்த வேலைக்கு இறங்கவே இறங்காதீர்கள். குடும்ப மரம் என்ற பகுதி பொதுச் சொத்து, செத்தவர்கள் விவரத்தை யார் வேண்டுமானாலும் வந்து திருத்தலாம். இன்னொன்று, தளத்தை நடத்துவது அமெரிக்காவின் மோர்மன் கிறிஸ்தவச் சபை. முன்னோர்களுக்குப் பதிலாள் வைத்து ஞானஸ்நானம் செய்வது அவர்களுடைய மத வழக்கம், இந்த வம்சாவளி வேலையே அதிலிருந்து முளைத்ததுதான். அது உறுத்தினால் மரத்தில் பெயர் ஏற்றாதீர்கள். பதிவுகளைத் தேட வெறும் கணக்கு போதும். நான் ஏற்றவில்லை.

மாதச் சந்தா கேட்கும் தளங்கள் இந்த ஒரு தேடலுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. எச்சில் துப்பி அனுப்புகிற டிஎன்ஏ சோதனையும் அப்படித்தான், டர்பனில் இருக்கும் உறவினரும் அதே கம்பெனியில் துப்பியிருந்தால்தான் பிரயோஜனம்.

அந்தப் பணத்துக்கு உள்ளூரில் பதிவுத்துறைக்கு மனுப் போட்டு, பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல் கிடைக்கிறதா என்று பாருங்கள். இளவயதில் ஓடியவர் ஊரில் காகிதம் விட்டுப்போவது அபூர்வம். வயதானவர் கணக்கு முடிக்காமல் கிளம்ப மாட்டார், எந்த வருடம் கிளம்பினார் என்பதற்கு அந்தப் பத்திரத் தேதிதான் எங்களுக்குக் கிடைத்த ஒரே பிடி. 1897-இல் நேட்டால் கொண்டுவந்த குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரிய வேண்டும் என்று வைத்தார்கள். பத்திரம் அதற்கு முந்தியது என்பதால் இவர் எப்படி உள்ளே போனார் என்ற கேள்வியும் தீர்ந்தது.

தேடப்படுபவர் மலேயா, சிங்கப்பூர் போனவர் என்றால் நான் மேலே சொன்ன ஃபைல் வழி பொருந்தாது. நீங்கள் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்ற பழைய செய்தித்தாள் தளத்தில் தொடங்குங்கள், அதுவும் இலவசம்தான். சிங்கப்பூரின் தமிழ் நாளிதழான தமிழ் முரசு 1935-இல் தொடங்கியது, அதற்குப் பிறகு இறந்தவர் என்றால் மரண அறிவித்தல்களைப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போகலாம்.