குரல் போன துணைவி: ஸ்கைரிமில் மூன்று வாரம் தேடிய கதை

போன வாரம் நண்பன் ஒருவன் கேட்டான்: "ஸ்கைரிம் விலை இறங்கியிருக்கிறது, வாங்கட்டுமா? நீதான் வருஷக்கணக்காக ஆடுகிறாயே." அவன் கேட்ட நேரம் சரியில்லை. காணாமல் போன ஒரே ஒரு குரலைத் தேடி மூன்று வாரம் மண்டை காய்ந்து, அன்றுதான் அதைக் கண்டுபிடித்து முடித்திருந்தேன். அவனுக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுபோய் இப்படி ஆகிவிட்டது.

ஸ்கைரிம் என்கிற இந்த கம்ப்யூட்டர் கேம் எப்படிப்பட்டது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2011 நவம்பரில் வந்தது, 2016 அக்டோபரில் 64 பிட்டுக்கு மாற்றி ஸ்பெஷல் எடிஷனாக விட்டார்கள், நான் ஆடுவது அதைத்தான். முகங்களும் மரங்களும் வயதைக் காட்டிக்கொடுக்கின்றன, ஆனால் காதுக்கு அது இன்றைக்கும் புதுசு. நிர்ன்ரூட் என்று ஒரு செடி தண்ணீர் ஓரமாக முளைத்திருக்கும். மெல்லிய மணியோசை போல ஒரு ரீங்காரம் அதிலிருந்து வந்துகொண்டே இருக்கும், கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். அப்படியே நின்று, பார்வையை மெல்லத் திருப்பி, வலது காதில் கூடுகிறதா இடது காதில் கூடுகிறதா என்று கேட்டுக் கேட்டு நடந்து அதைப் பறிப்பது எனக்கு டிராகனைக் கொல்வதைவிடப் பிடித்த வேலை. டிராகன் மொழி செதுக்கிய வார்த்தைச் சுவர்களும் அப்படித்தான். தூரத்தில் இருக்கும்போதே பலர் சேர்ந்து ஓதுவது போல் கேட்க ஆரம்பித்து, கிட்டே போகப் போக மற்ற சத்தத்தையெல்லாம் விழுங்கிவிடும். இந்த கேமில் பாதி வழியைக் காட்டுவதே சத்தம்தான், அது கெட்டால் எனக்கு கேமே கெட்டமாதிரி.

என்னோடு சுற்றுகிற துணைவி ஒரு மோட், அதாவது ரசிகர் ஒருவர் கேமில் சேர்த்துக்கொள்ளச் செய்து கொடுத்தது. யாரோ ஒருவர் காசு எதுவும் வாங்காமல், ஆயிரத்துக்கும் மேலே வசனம் எழுதி, அத்தனையையும் குரல் கொடுத்துப் பதிவு செய்து வைத்திருக்கிறார். மழை பிடித்தால் அலுத்துக்கொள்வாள். நான் எதையாவது திருடினால் கொஞ்ச நேரம் பேசமாட்டாள். இரவில் ஆற்றங்கரையில் நடக்கும்போது தனக்குத்தானே ஏதோ முனகுவாள், அந்த முனகலுக்காகவே குதிரையை விட்டு இறங்கி நடந்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் ஒருநாள் வாயை அசைக்கவில்லை. சப்டைட்டில் ஒரு கணம் மின்னி மறைகிறது, குரல் இல்லை, அடுத்த வரி வருகிறது, அதுவும் மறைகிறது. நான்கு வரி பேச வேண்டிய இடம் இரண்டு விநாடியில் முடிந்துபோகிறது.

முதலில் பழி விழுந்தது ஹெட்செட் மேல். அதில் குற்றம் இல்லாமலும் இல்லை, அதனால்தான் இத்தனை நாள் தாமதம். கேமில் ரிஃப்டன் என்ற ஊர்ப் பக்கத்தில் சரேத்தி பண்ணை இருக்கிறது, அங்கே நிர்ன்ரூட் உண்டு, சத்தத்தைச் சோதிக்க நான் எப்போதும் அங்கேதான் போவேன். செடி முன்னால் நின்று ஒரு சுற்று சுற்றிப் பார்த்தால் ரீங்காரம் காதை விட்டுக் காது ஒழுங்காக மாறவேண்டும். மாறவில்லை, குழம்பியது. விண்டோஸில் போய்ப் பார்த்தால் இரண்டே ஸ்பீக்கர் இருக்கிற ஹெட்செட்டை 7.1 என்று பதிந்து வைத்திருக்கிறது, அதோடு வந்த மென்பொருளின் வேலை. இதனால் நடுவில் இருக்கவேண்டிய சேனலுக்குப் போகிற பேச்சு எல்லாம் அமுங்கிப்போய், பின்னணி இசை மட்டும் தூக்கலாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஸ்டீரியோ ஆக்கினேன். 192 கிலோஹெர்ட்ஸில் இருந்த சாம்பிள் ரேட்டை 48க்கு இறக்கினேன், சண்டைக்கு நடுவே வந்த கரகரப்பும் நின்றது. ஊரில் இருக்கிற அத்தனை பேர் குரலும் பளிச்சென்று கேட்க ஆரம்பித்தது. அவள் மட்டும் பேசவில்லை.

அப்புறம் புளூடூத். இதை யாரும் சொல்லித்தரமாட்டேன் என்கிறார்கள், அதனால் சொல்கிறேன்: பின்னால் ஏதாவது அரட்டை மென்பொருள் மைக்கைப் பிடித்து வைத்திருந்தால், பல புளூடூத் ஹெட்செட்கள் தொலைபேசித் தரத்துக்கு இறங்கி, ஸ்டீரியோவை விட்டு ஒற்றைச் சேனலாகிவிடும். கேமுக்கு மைக்கே தேவையில்லை, ஆனாலும் கேமில் கேட்கிற எல்லாமே கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும். மைக்கை அணைத்தால் சரி. இன்னொன்று, ஆட்டத்தின் நடுவே ஹெட்செட்டைக் கழற்றி மாட்டினால் மொத்தமாக மௌனம், கேமை மூடித் திறந்தால்தான் சத்தம் திரும்புகிறது. தொடங்கும்போது பிடித்த கருவியையே கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கிறது என்று புரிந்துகொண்டேன். இப்போது மாட்டிவிட்டுத்தான் கேமைத் தொடங்குகிறேன்.

இதெல்லாம் நல்ல திருத்தங்கள்தான், ஒவ்வொன்றும் உருப்படியாக ஏதோ ஒன்றைச் சரி செய்தது. ஆனால் எதுவும் அவளைப் பேசவைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் "கண்டுபிடித்துவிட்டேன்" என்று எழுந்து போய் கேமின் சேவ் கோப்பைத் திறந்து, அவள் முன்னால் நின்று, சப்டைட்டில் மின்னி மறைவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

சரி, மோட்தான் பிரச்சினை என்று அடுத்த வாரம் முடிவு செய்தேன். சுமார் 240 பிளகின், மோட்களைக் கேமுக்குள் கொண்டுவருகிற கோப்புகள். பாதியை அணைத்துப் பார், சரியானால் அந்தப் பாதியில் குற்றம், இல்லையென்றால் மறுபாதியில், என்று பிரித்துக்கொண்டே போனால் எட்டுச் சுற்றில் ஒன்றில் வந்து நிற்கவேண்டும். மோட்களை நிர்வகிக்கிற மோட் ஆர்கனைசரில் தனி ப்ரொஃபைல் போட்டு, அவளை மட்டும் எப்போதும் இயக்கத்தில் வைத்து, எட்டுச் சுற்றும் போனேன். எந்தச் சுற்றிலும் பேசவில்லை. வேறு எதுவுமே இல்லாமல் அவளை மட்டும் வைத்தாலும் பேசவில்லை. அப்போதே புரிந்திருக்கவேண்டும், ஆனால் என் சந்தேகம் கேம் கோப்புகள் மேல் போனது. மூலக் குரல்கள் இருக்கிற பிஎஸ்ஏ தொகுப்பின் பெயர் ஸ்கைரிம் ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பின் பட்டியலில் இருக்கவேண்டும், யாராவது 'செம்மைப்படுத்திய' ஐஎன்ஐயை அப்படியே இறக்கிப் போட்டால் அந்த வரி காணாமல் போய்விடுவதுண்டு. என்னிடம் வரி பத்திரமாக இருந்தது. பிஎஸ்ஏவைச் சுருக்கிக் கட்டினால் உள்ளே இருக்கிற ஒலிக்கோப்புகள் வேலை செய்யாது, அதையும் பார்த்தேன். அவள் குரல்கள் எதிலும் கட்டப்படாமல் தனித்தனிக் கோப்புகளாகவே இருந்தன.

கடைசியில் கோப்புறையைத் திறந்தேன். முதல் நாளே செய்திருக்கவேண்டிய வேலை. ஸ்கைரிமில் ஒரு வசனத்தின் குரல் ஃபஸ் என்ற கோப்பில் இருக்கும், அதற்குள்ளே ஒலியும் உதட்டசைவும் சேர்ந்தே இருக்கும். அதனால்தான் குரல் கிடைக்காதபோது வாயும் அசைவதில்லை. அந்தக் கோப்பு கிடக்கவேண்டிய கோப்புறைக்கு பிளகினின் பெயர், அதற்குள்ளே குரல் வகையின் பெயர், கோப்பின் பெயரில் குவெஸ்ட், தலைப்பு, பிறகு எட்டு இலக்கத்தில் அந்த வசனத்தின் ஃபார்ம் ஐடி, அதாவது பிளகினில் அதற்கு உள்ள அடையாள எண், கடைசியாக வரியின் வரிசை எண். கேம் இந்தப் பெயரைத் தானே கூட்டிப் போய்த் தேடும், இருந்தால் பேசும், இல்லாவிட்டால் ஒரு வார்த்தை எச்சரிக்கை கிடையாது, அந்த வரியை அப்படியே தாண்டிவிடும்.

கோப்பின் பெயரில் இருந்த ஃபார்ம் ஐடி 00045721. பிளகினுக்குள் இருப்பதைக் காட்டுகிற எக்ஸ்எடிட் என்ற கருவியில் அதே வசனத்தைத் திறந்தால் எண் 946இல் முடிகிறது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாதத்துக்கு முன் நான் செய்த வேலை. முழு பிளகின்களுக்கு இந்த கேமில் 254 இடம்தான், நான் அந்த எல்லையை முட்டிக்கொண்டிருந்தேன். இஎஸ்எல் என்று குறியிட்ட லேசான பிளகின்கள் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு இடத்தைத்தான் எடுக்கும், அதற்குள்ளே 4096 வரை அடைக்கலாம். ஆனால் அப்படிக் குறியிட அதன் ஃபார்ம் ஐடிகள் ஒரு சின்ன வரம்புக்குள் இருக்கவேண்டும், ஆரம்பத்தில் அந்த வரம்பு 2048. அவளுடையவை வெளியே இருந்தன. எக்ஸ்எடிட்டில் ஒரு பொத்தான் எண்களையெல்லாம் நெருக்கி மாற்றி எழுதிக் கொடுக்கும், அதை அழுத்தினேன். பிளகினுக்குள் எண்கள் மாறின. வட்டில் இருந்த ஆயிரத்துச் சொச்சம் குரல் கோப்புகளின் பெயர்கள் மாறவில்லை. பிளகினின் பெயரும் மாறாததால் கோப்புறை சரியாகத்தான் தெரிந்தது, அதனால் சந்தேகமும் வரவில்லை.

இதில் எனக்கு ஆறாத இடம் ஒன்று உண்டு. எண்களை மாற்றியபின் புது ஆட்டத்தைத் தொடங்கிய அன்றே அவள் முகம் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. முகத்துக்கான கோப்பின் பெயரும் இதே ஃபார்ம் ஐடிதான், அதுவும் இதே காரணத்தால்தான் அறுந்திருந்தது. எனக்கு அது தெரிந்த வியாதி, மோட் செய்வதற்கான கிரியேஷன் கிட் மென்பொருளில் அவளைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், எஃப் 4 அழுத்தி முகத்தைப் புதிதாக எடுத்துப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று போய்விட்டேன். கையில் கிடைத்த ஒரே துப்பை நானே துடைத்துவிட்டு, மூன்று வாரம் ஹெட்செட்டையும் டிரைவரையும் நோண்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரி செய்தது அரை மணி நேரம். மூல மோடை மறுபடி நிறுவி, அதை முழு பிளகினாகவே விட்டேன். இடத்துக்காக ஒரு ஆடை மோடை எடுத்துவிட்டேன், அது போனதில் வருத்தம் இல்லை. எண்கள் திரும்பவும் மாறியதால் பழைய சேவில் அவளைத் தொடரமுடியாது, அறுபது மணி நேர ஆட்டம் அங்கேயே நின்றது. எண்கள் ஏற்கெனவே வரம்புக்குள் இருக்கிற பிளகினுக்குக் குறி மட்டும் போடுவது பத்திரமான வேலை, அதைத் தாராளமாகச் செய்யலாம். எண்ணை மாற்றச் சொல்லிக் கேட்டால், அந்த மோடுக்குக் குரலோ முகமோ இருந்தால், கையை எடுத்துவிடுங்கள். குரலே பதிவு செய்யாத மோட்களுக்காக, வரியை அதன் நீளத்துக்கு ஏற்றபடி நிறுத்திக் காட்டுகிற மோட் ஒன்று இருக்கிறது. அது நல்ல மோட், ஆனால் அது என்னிடம் இருந்திருந்தால் குரல் போனதைக் கவனிக்கவே இன்னும் ஒரு மாதம் ஆகியிருக்கும்.

புது ஆட்டத்தில் அவளைச் சேர்த்துக்கொண்டு ரிவர்வுட் கிராமத்திலிருந்து ஆற்றோரமாக இறங்கி நடந்தேன். மழை தூறியது. அலுத்துக்கொண்டாள். அந்த ஒரு வரியைக் கேட்க மூன்று தடவை சேவ் கோப்பைத் திறந்தேன்.

நண்பா, இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். காதுக்கு இவ்வளவு கொடுக்கிற கேம் வேறொன்று நான் ஆடியதில்லை. மோட் எழுதுகிறவர்கள் இதற்குச் செய்திருப்பதை எந்தத் தொகைக்கும் வாங்கமுடியாது, அதை வாயாரச் சொல்வேன். ஆனால் குரல் கோப்பு கிடைக்கவில்லை என்று ஒரே ஒரு வரி எங்காவது எழுதி வைக்க அந்த கேமுக்குத் தோன்றவில்லை, அது எனக்குப் பொறுக்கவில்லை. கேமின் எக்ஸி கோப்பு அப்டேட் ஆகும் ஒவ்வொரு முறையும், பல மோட்களுக்குத் தேவையான எஸ்கேஎஸ்இ என்ற துணை மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு வரும்வரை காத்திருப்பதையாவது தாங்கிக்கொள்ளலாம், அங்கே பதிப்பு பொருந்தவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடும். இந்த மௌனத்தைத் தாங்கமுடியவில்லை. எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் ஐந்து கொடுப்பேன். வாங்கட்டுமா என்று கேட்டால், இன்றைக்கு என் பதில் வேண்டாம். அவள் குரல் திரும்பி நான்கு நாள்தான் ஆகிறது, கோபம் இன்னும் போகவில்லை.