மும்பை மாட்டுங்காவில் இணையம்: இணைப்பு வந்தது, பக்கம் வரவில்லை

தொலைபேசியில் டயல் செய்து இணையத்தைப் பிடித்த அந்த நாட்களில், டொராண்டோவிலிருந்து மடிக்கணினியோடு மும்பைக்குக் கிளம்பியவர்களுக்கு முதலில் சொன்ன வார்த்தை இது. கணினியைத் தொலைபேசியோடு இணைக்கும் மோடத்தின் அமைப்பில் ‘டயல் டோனுக்குக் காத்திரு’ என்ற இடத்தில் இருக்கும் குறியை எடுத்துவிடுங்கள். ரிசீவரை எடுத்ததும் கேட்கும் டயல் டோன் இந்தியத் தொலைபேசியில் வேறு மாதிரியானது. கனடாவில் வாங்கிய மோடத்துக்கு அது டோனாகவே படவில்லை. சித்தப்பா ரிசீவரை என் காதில் வைத்து, “டோன் நன்றாகத்தானே வருகிறது!” என்று கோபித்துக்கொண்டார். கணினியோ டோனே இல்லை என்று சாதித்தது.

இது 2001 டிசம்பரில். அந்தக் குறியை எடுத்ததும் மோடம் இரைந்தது, கடவுச்சொல் செல்லுபடியானது, இணைப்பும் வந்தது. ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. இணைய நிறுவனத்தின் உதவி எண்ணில் வெகுநேரம் இசை கேட்ட பிறகு கிடைத்த பதில்: “உங்கள் கணக்கு சரி, லைனும் சரி. விண்டோஸை மறுபடி நிறுவிப் பாருங்கள்.” காசு கொடுத்து வாங்கிய இணைய மணிக்கணக்கு ஒரு பக்கம் தேய, தொலைபேசி மீட்டர் இன்னொரு பக்கம் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் இப்படி ஓர் அறிவுரை!

கிங்ஸ் சர்க்கிள் அருகே அந்த மணிக்கணக்கு அடங்கிய இணையப் பொதியை எனக்கு விற்ற கடையில் ஒரு திருநெல்வேலிப் பையன் இருந்தான். கடைத் தொலைபேசியிலேயே என் கணினியை இணைத்து, மனப்பாடமாகத் தெரிந்த ஓர் ஐபி எண்ணுக்கு (இணையத்தில் ஒரு கணினியின் எண் முகவரி) பிங் அனுப்பினான், அதாவது ‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் சிறு செய்தி. பதில் வந்தது. எண்ணுக்குப் பதிலாகத் தளத்தின் பெயரைத் தட்டினான், அப்படி ஒரு ஹோஸ்டே (கணினியே) தெரியாது என்றது. “லைன் நன்றாக இருக்கிறது அக்கா, டிஎன்எஸ்தான் இல்லை” என்றான். 1983 முதல் இருக்கும் ஏற்பாடு இது: நாம் தட்டும் பெயருக்குரிய எண்ணை ஒரு பெயர் சர்வர் தேடித் தரவேண்டும். டொராண்டோவில் டயல் செய்தவுடன் அந்த சர்வரின் முகவரி தானாக வந்துவிடும். இங்கே எனக்கு ஐபி எண்ணைக் கொடுத்த நிறுவனம் இதைக் கொடுக்கவில்லை. இணைப்பு விவரங்களைக் காட்டும் விண்டோஸ் கருவியான வின்ஐபிகான்ஃபிக்கைத் திறந்து, டிஎன்எஸ் கட்டம் வெறுமையாக இருப்பதையும் காட்டினான்.

விண்டோஸ் 98இல் வேலை சுலபமாக இருந்தது. டயல்-அப் நெட்வொர்க்கிங்கில் அந்த இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸ், அதில் சர்வர் டைப்ஸ், அதற்குள் டிசிபி/ஐபி செட்டிங்ஸ். சர்வரே தரட்டும் என்பதை விட்டுவிட்டு, பெயர் சர்வர் முகவரிகளை நாமே குறிப்பிடும் வாய்ப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இரண்டு எண்கள், முதல் சர்வர் பேசாவிட்டால் இரண்டாவதைக் கேட்கும். மறுபடி டயல் செய்ததும் பக்கங்கள் திறந்தன.

அந்த எண்களைப் பொதி அட்டையின் பின்புறம் பேனாவால் எழுதிக் கொடுத்தான். எல்லா வாடிக்கையாளருக்கும் அப்படித்தான் எழுதித் தந்தானாம். பளபளக்கும் அட்டையில் சிரிக்கும் குடும்பத்தின் படத்துக்கு இடம் இருந்தது, இந்த இரண்டு வரிகளுக்கு இல்லை.

அங்கிருந்து சென்னைக்குப் போய் வேறு நிறுவனத்தின் பொதி வாங்கியவர்களுக்கும் அன்று சொன்னேன்: காசு கொடுக்கும் முன்பே அந்த நிறுவனத்தின் டிஎன்எஸ் எண்களைக் கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.