எண்ணும் எழுத்தும்: நீலகிரிப் பள்ளிகளுக்குப் பொருந்துகிறதா?

பிள்ளையை அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்க்க நினைக்கும் பெற்றோர் கட்டடம், வேன், சீருடை பற்றி விசாரிக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை அங்கே நடக்கும் பாடமுறை என்ன, அது எந்தத் தரத்தில் நடக்கிறது என்று கேட்பவர் குறைவு. அந்தப் பாடமுறைதான் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும். கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2022 ஜூனில் 1 முதல் 3 வகுப்புகளுக்கு வந்தது. 2023-24இல் 4, 5 வகுப்புகளுக்கும் விரிந்தது. நீலகிரி போன்ற மாவட்டத்துக்கு இதுவரை வந்த முறைகளில் இதுவே அதிகம் பொருந்துகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பிள்ளைகளின் நிலை அடிக்கடி சரிபார்க்கப்பட வேண்டும். அது நடக்காத பள்ளியில் இது இன்னொரு பயிற்சி நூல், அவ்வளவுதான்.

பொருந்துவதற்குக் காரணம் மலைப் பள்ளிகளின் அளவு. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். குந்தா, பந்தலூர், கோத்தகிரிப் பக்கத்துச் சின்ன ஊர்களிலும் எஸ்டேட் லைன்களிலும் 30 பிள்ளைகள்கூட இல்லாத பள்ளிகள் நிறைய. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர் என்றால், ஒருவரிடம் எப்போதும் மூன்று வகுப்பு இருக்கும். இங்கே வகுப்புவாரியாகப் பாடம் எடுத்தால், ஒரு வகுப்பு படிக்கும்போது மற்ற இரண்டு வகுப்பும் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். எண்ணும் எழுத்தும் பிள்ளைகளை அவர்கள் எட்டியிருக்கும் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டவே திணறினால் அரும்பில் உட்காரலாம், அதில் கூச்சமில்லை. 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலிலும் பிள்ளைகள் அவரவர் வேகத்தில், பாட அட்டைகளை வரிசைப்படுத்திய கற்றல் ஏணியில் ஏறினார்கள். ஆனால் அட்டையை எடுத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்த பிள்ளைக்கு ஆசிரியரின் குரல் போதவில்லை. இதில் பாட்டும் கதையும் எல்லோருக்கும் பொது. பிறகுதான் பிரிகிறார்கள்.

நன்றாக நடக்கும் வகுப்பில் ஒன்றரை மணி நேரம் ஏறக்குறைய இப்படிப் போகும். முதல் 15 நிமிடம் பாடல் அல்லது கதை, மூன்று நிலையும் சேர்ந்து. அடுத்த ஒரு மணி நேரம் மூன்று 20 நிமிடங்களாகப் பிரியும். ஆசிரியர் ஒவ்வொரு குழுவோடும் 20 நிமிடம் தரையில் உட்காருவார், மற்ற இரண்டும் பயிற்சி நூலிலோ, வகுப்பில் வாசிப்புக்கான மூலையான படித்தல் களத்திலோ இருக்கும். கடைசி 15 நிமிடம் அன்று கற்றதை ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்வது. சிக்கல் நடு ஒரு மணி நேரத்தில் வரும். ஆசிரியர் இல்லாத 40 நிமிடத்தில் அரும்புக் குழு தானாக எதையும் வாசிக்க முடியாது. அதனால் முதல் 20 நிமிடத்தை அரும்புக்குத் தர வேண்டும். பிறகு சொல்லட்டை அடுக்குவது, மணலிலோ சிலேட்டிலோ எழுதுவது என்று கைவேலை கொடுக்கலாம். மலருக்குக் கடைசி 20 நிமிடம் போதும், அவர்கள் தாமாகவே வாசிக்கிறவர்கள். பல பள்ளிகளில் இது தலைகீழாக நடக்கிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளோடு தொடங்குவது ஆசிரியருக்குச் சுலபம். அரும்பு காத்திருந்து சலித்துப்போகிறது.

அடுத்த குறை, தேங்கி நிற்பது. ஜூனில் அரும்பு என்று பெயர் எழுதிய பிள்ளை மார்ச்சிலும் அரும்பு. ஏன் என்று பார்த்தால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கும்: உயிர்மெய். ‘தொப்பி’யைக் காட்டினால் ‘தெ-ர-ப்பி’ என்று வாசிக்கும். துணைக்காலை ரகரமாக எடுத்துக்கொள்கிறது, கொம்பும் காலும் சேர்ந்து ஒரே ஒலி என்பது பிடிபடவில்லை. இதற்கு 216 எழுத்தையும் மறுபடி எழுதச் சொல்வது பயன் தராது. கெ, கா, கொ மூன்றையும் ஒரே வரியில் எழுதி மாற்றி மாற்றி வாசிக்கவைத்தால் ஒரு வாரத்தில் மாற்றம் தெரியும். உகர வரிசையையும் அகர வரிசைப்படி நடத்தாமல் வடிவப்படி நடத்துவது நல்லது. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம். சு, பு, யு, வு, ஙு இன்னொன்று. து, நு, ணு, லு, று, னு, ஞு மூன்றாவது. 18 தனித்தனி வடிவங்களை மனப்பாடம் செய்வதைவிட மூன்று வடிவங்களைப் பிடித்துக்கொள்வது பிள்ளைக்கு எளிது. கையேட்டை வரிக்கு வரி பின்பற்றுகிற ஆசிரியரைவிட, இந்த இடத்தில் நின்று இரண்டு வாரம் செலவழிக்கிற ஆசிரியர் மேல்.

மொழி விஷயத்தில் இந்தத் திட்டம் மலைக்கு இன்னும் இறங்கி வர வேண்டும். பாடலும் கதையும் பிள்ளைக்குத் தமிழ் காதில் விழுந்து பழகியிருக்கும் என்ற நம்பிக்கையில் தொடங்குகின்றன. கூடலூர், பந்தலூரில் பழங்குடிகளான பணியர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகள் தம் மொழி பேசி வளர்ந்து, ஒன்றாம் வகுப்பில்தான் பள்ளித் தமிழைச் சந்திக்கிறார்கள். படகர் ஊரான ஹட்டியிலிருந்து வரும் பிள்ளைக்கும் வீட்டில் படுகு மொழிதான். அந்தப் பிள்ளை பேசாமல் இருந்தால் மந்தம் என்று எழுதிவிடுவது பெரிய அநியாயம். முதல் ஆறு வாரம் எழுத்தே வேண்டாம். படத்தைக் காட்டி வீட்டுச் சொல்லை முதலில் பிள்ளையிடம் வாங்கி, பிறகு தமிழ்ச் சொல்லைத் தர வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். அந்த மொழி தெரிந்த பெரிய வகுப்புப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைப்பதும் கைகொடுக்கும். இதைச் செய்யும் பள்ளிகளில் அரும்பு சீக்கிரம் காலியாகிறது.

கணக்கில் இதன் தரம் தமிழைவிட உயர்ந்தது. குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி இடமதிப்பு சொல்லித்தருவது சரியான வழி. தவறுவது அவசரத்தில். கட்டு கட்டுவதை இரண்டு நாளில் முடித்துவிட்டு ஏட்டுக்குப் போனால், நூற்று ஐந்தைப் பிள்ளை 1005 என்று எழுதும், 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று சொல்லும். பின்னது கவனக்குறைவு இல்லை. சிறியதைப் பெரியதிலிருந்து கழிப்பதுதான் கழித்தல் என்று அது புரிந்துவைத்திருக்கிறது. கட்டைப் பிரித்துப் பத்துக் குச்சியாக்கிக் கையில் கொடுத்து எடுக்கச் சொன்னால் சரியாகும். எண்ணுவதற்குப் புளியங்கொட்டை வாங்கி வைத்தால் மழைக்காலத்தில் பூசணம் பிடிக்கும். கற்பூர மரக் காய் பள்ளி வாசலிலேயே கிடைக்கும், ஆண்டுக்கணக்கில் கெடாது.

ஈரம் மற்ற பொருள்களையும் விடுவதில்லை. சுவரில் தொங்கும் சார்ட்டுகள் ஜூலைக்குள் சுருண்டுவிடுகின்றன, சொல்லட்டைகள் ஒட்டிக்கொள்கின்றன. லேமினேட் செய்து, மூடியுள்ள தகரப் பெட்டியில் வைத்து, அன்றன்று தேவையானதை மட்டும் வெளியே எடுப்பதுதான் வழி.

மழை நாட்காட்டியையும் குலைக்கிறது. கூடலூர், பந்தலூருக்குத் தென்மேற்குப் பருவமழை விடுமுறைகள் ஜூன், ஜூலையில், அதாவது அடித்தளம் போடும் மாதங்களிலேயே வந்து விழும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பரில். கையேட்டின் வாரத் திட்டம் இதற்குக் காத்திருப்பதில்லை. விட்டதைப் பிடிக்கும் அவசரத்தில் ஆசிரியர்கள் வாசிப்பை வெட்டிப் பயிற்சி நூலை நிரப்பவைக்கிறார்கள், ஏனென்றால் பார்வைக்கு வருபவர் புரட்டுவது நூலைத்தான். வெட்டுவதென்றால் எழுத்துப் பயிற்சியை வெட்டுங்கள். சத்தமாக வாசிப்பதை ஒருநாளும் விடக்கூடாது. நீண்ட விடுப்புக்குப் பின் வரும் பிள்ளையை, குறிப்பாகத் தேன் எடுக்கும் காலத்தில் பெற்றோரோடு காட்டுக்குப் போய்த் திரும்பும் பிள்ளையை, பத்துச் சொல் வாசிக்கவைத்துப் பார்த்துவிட்டே குழுவில் சேர்க்க வேண்டும்.

மதிப்பீட்டைச் செயலியில் ஏற்றும் வேலை சிக்னல் இல்லாத பள்ளிகளில் பெரும் பாரம். தாளில் குறித்து, கீழே டவுனுக்குப் போகும்போது ஏற்றுகிறார்கள். தாளில் உண்மை இருந்தால் தாமதம் பரவாயில்லை. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரிப் பதிந்திருந்தால் அந்த மதிப்பீட்டை நம்பாதீர்கள். ஆங்கிலப் பகுதி சுமார்தான். பாட்டு வருகிறது, பேச்சு வருவதில்லை.

2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு இருப்பதால் முதல் பாடவேளைக்குப் பிள்ளைகள் நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள். தமிழ் வாசிப்பை அந்த நேரத்தில் வைக்கும் பள்ளிகளுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகிற பெற்றோர் இரண்டு கேள்வி கேட்கலாம். போன ஜூனில் அரும்பில் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர்? நிலை மாற்றம் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பிறகு மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் அவர்கள் பார்த்திராத கதைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். மத்திய அரசின் அடிப்படை எழுத்து, எண் திட்டமான நிபுண் பாரத் இந்த வகுப்புக்கு வைத்திருக்கும் இலக்கு நிமிடத்துக்கு 60 சொல். 40 வந்து, வாசித்ததைத் தன் சொல்லில் சொல்லத் தெரிந்தால் அந்த வகுப்பு நல்ல வழியில் போகிறது. 60 வந்தும் கதை என்னவென்று சொல்லத் தெரியாவிட்டால், அங்கே வாசிப்பு மனப்பாடமாக நடக்கிறது. ஆசிரியரிடம் அதை நேரிலேயே, மரியாதையோடு, அன்றைக்கே பேசுங்கள்.