கண்கள், முகமூடி, குழந்தை: எந்த நாடகச் சின்னம் முந்துகிறது?

லண்டனில் ஆறே ஆண்டுகளுக்குள் மூன்று பெரிய இசை நாடகங்கள் அரங்கேறின. 1981இல் ‘கேட்ஸ்’, 1985இல் ‘லே மிசரப்ல்’, 1986இல் ‘தி ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா’. மூன்றின் தயாரிப்பிலும் கேமரன் மெக்கின்டாஷுக்குப் பங்குண்டு. மூன்றுக்கும் சுவரொட்டி உருவாக்கியது டெவின்டர்ஸ் என்ற ஒரே விளம்பர நிறுவனம். மூன்றிலும் நடிகர் படம் கிடையாது. ஆண்டுக்கணக்கில் ஓடும் நாடகத்தில் நடிகர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். முகத்தை நம்பி விளம்பரம் செய்தால் ஆள் மாறும்போதெல்லாம் சுவரொட்டியையும் மாற்ற வேண்டும். சின்னத்துக்கு அந்தக் கவலை இல்லை. ஒரே பட்டறையில் பிறந்த இந்த மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பது சின்னக் கலையைப் புரிந்துகொள்ள நல்ல வழி.

வடிவமைப்பின் நேர்த்தியில் ‘கேட்ஸ்’தான் முதலிடம். கருப்புப் பின்னணியில் இரண்டு மஞ்சள் கண்கள், அவ்வளவுதான். எட்ட நின்றால் இருட்டில் ஒரு பூனை நம்மைப் பார்க்கிறது. கிட்டே போனால் கண்மணிகள் இருக்க வேண்டிய இடத்தில் மனிதர்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். டி. எஸ். எலியட் 1939இல் வெளியிட்ட பூனைக் கவிதைகளிலிருந்து உருவான இந்த நாடகத்தில் கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. மனிதர்கள் பூனைகளாகி ஆடுவதுதான் நாடகமே. அதைச் சின்னம் ஒரு சொல்லும் இல்லாமல் சொல்லிவிடுகிறது. இரண்டே நிறம் என்பதால் நாளிதழ் மூலையில் சிறிதாக அச்சிட்டாலும் உயிர் போகாது. ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. இந்த நாடகத்தில் பார்வையாளர்கள் நெஞ்சில் சுமந்துகொண்டு வெளியேறுவது, எல்லோராலும் ஒதுக்கப்பட்ட முதிய பூனை கிரிசபெல்லாவின் துயரத்தை. அந்தக் கண்களில் அதன் சாயல்கூட இல்லை.

‘ஃபேண்டம்’ சின்னத்தில் வெள்ளை முகமூடி, பக்கத்தில் சிவப்பு ரோஜா, உடைந்த கண்ணாடி போல விரிசல் விட்ட எழுத்துகள். சுவரொட்டியில் இருப்பது முழு முகமூடி. மேடையில் நாயகன் அணிவதோ பாதி முகத்தை மட்டும் மறைப்பது. மரியா பியோர்ன்சன் வடிவமைத்த அந்தப் பாதி முகமூடியால்தான் நடிகரால் தடையின்றிப் பாடவும் மறுபாதி முகத்தால் நடிக்கவும் முடிகிறது. சுவரொட்டிக்கும் மேடைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நான் பிழையாகக் கருதவில்லை. உள்ளே யாருமில்லாத கண்குழிகள்தான் அந்தச் சின்னத்தின் பலம். என் வருத்தம் ரோஜாவைப் பற்றியது. முகமூடி ஒரு கேள்வியை எழுப்புகிறது. ரோஜா அவசரப்பட்டுக் காதல் என்று பதில் சொல்லிவிடுகிறது. நியூயார்க்கில் 1988 முதல் 2023 வரை 13,981 காட்சிகள் நடந்த நாடகத்தின் சின்னம்தான். ஆனாலும் என் எண்ணம் மாறவில்லை.

‘லே மிசரப்ல்’ சின்னம் புதிதாக வரையப்பட்டதே அல்ல. விக்டர் ஹியூகோவின் 1862ஆம் ஆண்டு நாவலுக்காக எமில் பயார் வரைந்த சித்திரத்திலிருந்து வெட்டி எடுத்தது. மூலச் சித்திரத்தில் சிறுமி கோசெட், தன்னைவிடப் பெரிய துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு தெனார்தியேயின் விடுதியைக் கூட்டுகிறாள். அது வேலைக்கார அடிமைச் சிறுமியின் படம். பார்த்தவுடன் பரிதாபம் வரும். வடிவமைப்பாளர்கள் துடைப்பத்தை நீக்கினார்கள், தரையையும் விடுதியையும் நீக்கினார்கள். எஞ்சியவை கலைந்த கூந்தலும் அகன்ற கண்களும்தான். பின்னால் பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறங்கள். வேலையும் இடமும் போனதும், இரங்குவதற்கான குழந்தையாக இருந்தவள் நம்மைப் பதில் கேட்கும் குழந்தையாகிவிடுகிறாள்.

சிறுமி கோசெட்டுக்கு மேடையில் கிடைப்பது சில நிமிடங்கள், தனியாக ஒரே ஒரு பாட்டு. நாயகன் ஜான் வல்ஜான். உச்சக்கட்டமோ 1832ஆம் ஆண்டு பாரிஸ் எழுச்சியின் தடுப்பரண். வேறொருவர் கையில் கொடுத்திருந்தால் தடுப்பரணையோ வல்ஜானின் கைதி எண் 24601ஐயோ தேர்ந்தெடுத்திருப்பார். அவை என்ன நடந்தது என்பதைச் சொல்லும். குழந்தையின் முகம் அதெல்லாம் யாருக்காக என்பதைச் சொல்கிறது. கோசெட்டின் தாய் ஃபான்டீனுக்குக் கொடுத்த வாக்கின்படி வல்ஜான் வாழும் மீதி வாழ்க்கை முழுவதும் அந்த முகத்துக்காகத்தான். குறையும் உண்டு: நுண்ணிய கோடுகளால் ஆன சித்திரம், சிறிதாக்கினால் கலங்கிவிடும். அங்கே பூனைக் கண்களிடம் அது தோற்கிறது.

2015இல் வந்த அமெரிக்க இசை நாடகம் ‘ஹாமில்டன்’ சின்னத்தையும் சேர்த்துக்கொண்டால் இரண்டாம் இடம் அதற்குத்தான். பொன்னிறத்தின் மேல் கருப்பு நட்சத்திரம். மேல் முனைக்குப் பதிலாகக் கையை உயர்த்தி நிற்கும் மனிதன். ‘கேட்ஸ்’ போலவே இரண்டு நிறம், ஓர் உருவுக்குள் இன்னோர் உரு. ஆனால் இதில் ஒரு மனிதனின் ஏக்கமும் இருக்கிறது. அவனை எடுத்துவிட்டால் அது நட்சத்திரமே அல்ல.

முதலிடத்தில் எனக்குக் கோசெட்தான். லண்டனில் 2019இல் அந்த நாடகத்தின் பழைய மேடையமைப்பை, அதன் புகழ்பெற்ற சுழல்மேடையோடு சேர்த்துக் கைவிட்டார்கள். புதிய வடிவத்தில் ஹியூகோவே வரைந்த ஓவியங்களைத் தழுவிய காட்சிகள் பின்திரையில் ஓடுகின்றன. சுவரொட்டியில் மட்டும் அதே சிறுமியைத்தான் வைத்திருக்கிறார்கள்.